நான்கு வண்டிச் சோளம்

ஜனவரி 3 வந்தால் நம் பகுதிகளில் சாவித்திரிபாய் பூலே படத்துக்கு மாலை விழுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த அளவுக்கு இல்லை, நல்ல மாற்றம்தான். எந்தப் பதாகையைப் பார்த்தாலும் கையில் புத்தகம், கீழே முதல் பெண் ஆசிரியர் என்ற வரி. அது போதும் என்று விட்டுவிடுகிறோம். 1877-இல் பசித்த பிள்ளைகளுக்காக அவர் செய்த வேலையை மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடச் சாப்பாடு, வெள்ள நிவாரணம் என்று இன்று நாம் மனு எழுதுகிற பல விஷயங்களுக்கு அந்த ஆண்டில் பாடம் இருக்கிறது.

1831-இல் சத்தாரா பகுதியில் உள்ள நாய்காவ் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். தலித் அல்லர், தோட்டப் பயிர் செய்யும் மாலி சாதி. ஒன்பது வயதில் ஜோதிராவுக்கு மணம் முடித்தார்கள். எழுத்தறிவு புகுந்த வீட்டில்தான் கிடைத்தது. 1848-இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. வீட்டை விட்டு வெளியேற வேண்டிவந்தபோது உஸ்மான் ஷேக் குடும்பம் இடம் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மகார், மாங் பிள்ளைகளுக்குத் தனியாகப் பள்ளிகள் திறந்தார்கள். தெருவில் சாணி எறிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தடை வேறு. பிள்ளை பள்ளிக்கு வந்தால் வீட்டில் ஒரு கூலி குறையும். கூலி குறைந்தால் அடுப்பு எரியாது. பிள்ளைகள் நின்றுவிடாமல் இருக்கச் சிறு உதவித்தொகை கொடுத்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பாடப் புத்தகத்தோடு வயிற்றையும் சேர்த்து யோசித்த ஆசிரியர் அவர்.

1868-இல் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டார்கள். 1873-இல் சத்தியசோதக சமாஜம் உருவானது. மூன்றே ஆண்டுகளில் பஞ்சம் வந்தது.

அது நமக்கு அந்நியமான பஞ்சம் அல்ல. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னார்களே, அதேதான். 1876-இல் மழை பொய்த்தது சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் எல்லாவற்றிலும். 1878 வரை நீண்ட அந்தக் கொடுமையில் அரை கோடிக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். சாலை போடுவது, குளம் வெட்டுவது போன்ற நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று அவர் கணக்குப் போட்டார். பெண்ணுக்கும் வேலை செய்கிற பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு; நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு அது எந்த மூலைக்கு?

இந்தத் திட்டத்தில் கல் உடைக்கத் தெம்பு இல்லாதவர்களின் கதி என்ன? தாயைப் பறிகொடுத்த ஐந்து வயதுக் குழந்தையின் கதி என்ன? அரசின் கணக்கு வேலை செய்யக்கூடிய உடம்பிலிருந்து தொடங்கியது. சத்தியசோதகர்கள் குழந்தையிலிருந்து தொடங்கினார்கள். புனேக்கு அருகே தன்கவடியில் விக்டோரியா பெயரில் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார்கள். 1877 மே மாதம் அதற்கு உதவி கேட்டு ஜோதிராவ் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். 52 இடங்களில் இப்படிச் சோறு போட்டார்கள் என்று அந்த இயக்கத்தின் வரலாறு சொல்கிறது. ராணியின் பெயரை வைத்ததைப் பார்த்துச் சிலர் இன்று முகம் சுளிக்கலாம். பிள்ளைகளுக்குத் தானியம் வேண்டும், தானியம் சர்க்காரிடம் இருக்கிறது. எனக்கு அதில் வியப்பில்லை.

சாவித்திரிபாய் புனேயில் உட்கார்ந்திருக்கவில்லை. ஜுன்னர் பக்கம் ஓதூருக்குப் போனார். அங்கிருந்து 1877 ஏப்ரலில் கணவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவர் ஜோதிராவுக்கு எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருப்பவை மூன்றே கடிதங்கள். அதில் இது ஒன்று. நலம் விசாரிப்பு முடிந்ததும் அறிக்கைபோல் விரிகிறது. மாடுகள் தண்ணீரின்றி விழுகின்றன, சனங்கள் ஊரைக் காலி செய்து போகிறார்கள் என்று எழுதுகிறார். எங்கெங்கே குழுக்கள் அமைத்தார்கள், யார் உடன் வந்து பண உதவி செய்தார்கள் என்பதையும் விடாமல் குறிக்கிறார்.

அந்த ஊரில் ஒரு கலவரமும் நடந்தது. பஞ்சத்திலும் கழுத்தைப் பிடித்த வட்டிக்காரர்கள் மீது சனங்கள் பாய்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1875-இல், புனே, அகமத்நகர் மாவட்டங்களில் குடியானவர்கள் வட்டிக்கடைகளில் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தச் சூடு ஆறவில்லை. பழி சத்தியசோதகர்கள் மீது விழுந்தது. ஐம்பது பேரைப் பிடித்துப் போனார்கள். சாவித்திரிபாயையும் கலெக்டர் விசாரித்தார். தன் ஆட்களை அடித்ததும் பிடித்ததும் எந்த நியாயம் என்று அவர் திருப்பிக் கேட்டார். கலெக்டர் நியாயமான மனிதராக இருந்திருக்கிறார். பிடித்தவர்களை விடுவித்தார், நான்கு வண்டிச் சோளமும் அனுப்பிவைத்தார்.

நான்கு மாட்டு வண்டிச் சோளம் ஒரு மாகாணத்தின் பசிக்குக் காணாது. ஆனால் அது எப்படி வந்தது என்று பாருங்கள். தன் ஆட்களை மீட்கப் போன பெண் ஊருக்குச் சாப்பாட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார். காவலில் இருப்பவர்கள், கடன்காரர்கள், பசி மூன்றும் ஒரே வழக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பேரிடர் மேலாண்மை என்று தடித்த புத்தகம் போடுகிறோம். படகு எத்தனை, மூட்டை எத்தனை என்று அதில் எல்லாம் இருக்கும். மூட்டை ஊருக்குள் இறங்கிய பிறகு காலனிக்கு யார் கொண்டுபோவது என்பது இருக்காது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்ட முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகு இழந்தவர் கணக்கில் வந்தார். வயல் உப்பாகிப்போனதால் கூலி இழந்த விவசாயத் தொழிலாளி வரவில்லை. 1877-இல் கேட்ட கேள்வியையே அங்கும் கேட்க வேண்டியிருந்தது. பட்டியலை எங்கிருந்து தொடங்குகிறீர்கள்?

பஞ்சம் தணிந்து சில ஆண்டுகளில், 1882-இல், ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் சாட்சியம் கொடுத்தார். உழைப்பவன் கட்டும் வரியில் மேல்சாதிப் பிள்ளைகள் உயர்கல்வி பெறுகிறார்கள் என்றார். பன்னிரண்டு வயது வரை கட்டாயக் கல்வி வேண்டும், மகார், மாங் பிள்ளைகளை மற்ற பள்ளிகளில் சேர்ப்பதில்லை என்பதால் அவர்களுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், ஏழைப் பிள்ளைகளுக்குத் தாராளமாக உதவித்தொகை வேண்டும் என்று கேட்டார். மனைவியின் வகுப்பறை அனுபவம் இதில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

உதவித்தொகையிலிருந்து மதிய உணவுக்கு வர நாடு நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் முயன்றது. காமராசர் 1956-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார், 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு. இதில் தமிழ்நாடு பெருமைப்படலாம். ஆனால் 2018-இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். முதலில் இடமாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான்; போராடிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. உணவுத் திட்டம் போடும்போது அரிசி, முட்டை, விறகு மட்டும் கணக்கில் வந்தால் இப்படித்தான் நடக்கும். யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதும் திட்டத்தின் பகுதிதான்.

1890 நவம்பரில் ஜோதிராவ் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச் சட்டி தூக்குவது யார் என்று உறவினர்கள் தகராறு செய்ய, சாவித்திரிபாயே அதை ஏந்தி முன்னால் நடந்தார். சத்தியசோதக சமாஜத்தின் தலைமையையும் ஏற்றார். பிராமண விதவைக்குப் பிறந்து அவர்கள் தத்தெடுத்த யஷ்வந்த் மருத்துவரானார்.

1897-இல் புனேயில் பிளேக். சோதனை என்ற பெயரில் வீடு புகுந்து சிப்பாய்கள் செய்த அட்டூழியத்துக்கு அஞ்சி சனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். யஷ்வந்தை வரவழைத்து ஊருக்கு வெளியே ஒரு சிகிச்சை இடம் தொடங்கவைத்தார் சாவித்திரிபாய். நோயாளிகளைத் தேடி அவரே போனார். முண்ட்வா மகார் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்குப் பிளேக் என்று கேள்விப்பட்டு, அவனை முதுகில் சுமந்து கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. நோய் அவரைப் பற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.