நூற்றிரண்டு நாள் தமிழாசிரியர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மகாகவி பாரதியாரைப் பற்றி ஒரு கட்டுரையேனும் இல்லாமல் கல்லூரி மலர் வெளிவருவது அரிது. விடுதலைக் கவிஞராக, பெண்ணுரிமை பேசியவராக, பத்திரிகையாளராக அவரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இயற்பியல் படிக்கும் நீ புதிதாக என்ன எழுதப் போகிறாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த நாட்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். வாத்தியாராகவா என்று இருவர் வியந்தார்கள். அந்த வியப்புத்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

சுப்பிரமணியன் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் அவருடைய கவித்திறனைக் கண்ட எட்டயபுரத்துப் புலவர் அவை அவருக்குப் பாரதி என்னும் பட்டத்தைச் சூட்டியது. ஆனால் தந்தைக்கோ, மகன் ஆங்கிலம் கற்றுப் பெரிய பதவிக்கு வரவேண்டும் என்று ஆசை. 1894 முதல் 1897 வரை நெல்லை இந்துக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் படிக்க வைத்தார். அந்தப் படிப்பை மகன் ஒருநாளும் மன்னிக்கவில்லை. 1910-இல் வெளியான தன் வரலாற்றுக் கவிதையில், கணக்கும் பிறநாட்டுச் செய்திகளும் படிக்கிற பிள்ளைகள் கம்பனையும் வள்ளுவனையும் அறியாமல் போவதை எண்ணி நொந்திருக்கிறார். தந்தைக்கு ஆன செலவைக்கூட அதில் கணக்குப் பார்த்திருக்கிறார்!

1898-இல் தந்தை காலமானார். அவர் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் அதற்கு முன்பே நொடித்துப் போயிருந்தது. பாரதியார் காசிக்குச் சென்று அத்தை வீட்டில் தங்கிப் படித்து, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். பின்னர் ஊர் திரும்பி எட்டயபுரம் மன்னரிடம் பணிபுரிந்தார். அக்காலத்தில் அவருக்கு ஆங்கிலக் கவி ஷெல்லியின்மீது தீராத காதல். ஷெல்லியின் பெயரில் ஒரு சிறு கழகம் அமைத்து, அந்தக் கவிதைகளை நண்பர்களுக்குப் படித்துக் காட்டினார். தமக்கு ஷெல்லிதாசன் என்று புனைபெயரும் வைத்துக்கொண்டார். ஆங்கிலக் கல்வியைச் சாடியவர் ஆங்கிலக் கவிதைக்கு அடிமையாக இருந்தார் என்றால் முரணாகத் தோன்றலாம். அவர் வெறுத்தது கற்பிக்கப்பட்ட முறையைத்தான் என்பது என் கருத்து.

1904-ஆம் ஆண்டு மன்னரின் பணியை விட்டு மதுரைக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலையில் மதுரை ‘விவேகபானு’ இதழில் ‘தனிமை இரக்கம்’ என்னும் அவருடைய கவிதை வெளியாயிற்று. அச்சில் வந்த அவருடைய முதல் கவிதை அது. ஆங்கிலேயர் பதினான்கு அடிகளில் எழுதும் வகையைப் பின்பற்றியது. அதை நான் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். உண்மையைச் சொன்னால், அகராதி இல்லாமல் எனக்கு விளங்கவில்லை. பாரதியாரா இப்படி எழுதினார் என்று திகைத்துப் போனேன்.

அடுத்த மாதம் முதல் நாள், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அவர் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அங்கே தமிழாசிரியராக இருந்த பெரும்புலவர் அரசன் சண்முகனார் விடுப்பில் சென்ற இடம் அது. மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். நவம்பர் 10-ஆம் நாளோடு வேலை முடிந்தது. ஆகஸ்ட் 1 முதல் எண்ணினால் மொத்தம் 102 நாட்கள். ஒரு பருவத் தேர்வுக்கு நாம் படிக்கும் காலம்கூட இல்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்.

அந்த நவம்பரிலேயே ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியராக்கினார். ஆங்கிலத் தந்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்குவது வேலை. அகராதித் தமிழில் எழுதினால் அதை யார் வாங்கிப் படிப்பார்கள்? முதலில் வகுப்பறையில் பிள்ளைகளின் முகம், பிறகு பத்திரிகை வாசகரின் முகம். இந்த இரண்டையும் பார்த்த பிறகே பாரதியாரின் தமிழ் மாறியது என்று நான் நம்புகிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் இதை மறுக்கலாம்.

1908-இல் புதுச்சேரிக்குச் சென்றபின், பள்ளிக்கூடம் இல்லாமலே ஆசிரியராக விளங்கினார். பாப்பாக்களுக்குப் பாட்டும், புதிய ஆத்திசூடியும் எழுதினார். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் இலத்தீனும் கற்ற அரவிந்தருக்கு ஆழ்வார் பாசுரங்களை விளக்கிச் சொன்னவரும் இவரே. அதன் பயனாக, 1915-இல் ‘ஆர்யா’ என்னும் ஆங்கில இதழில் நம் திருவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. இராசபாளையத்திலிருந்து வரும் பேருந்தில் அந்தக் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறேன். பதினேழரை ரூபாய் வாத்தியார் அரவிந்தருக்குப் பாடம் சொல்லியிருக்கிறார் என்ற நினைவு இப்போது அதனுடன் சேர்ந்துகொண்டது.

தேசியக் கல்வி பற்றி அவர் எழுதிய கட்டுரையில், கிராமத்துப் பள்ளிக்கு ஒரு திட்டமே வகுத்திருக்கிறார். எல்லாப் பாடங்களும் தமிழில் இருக்கவேண்டும். பிள்ளைகள் கையிலுள்ள சிலேட்டையும் பென்சிலையும்கூடப் பலகை, குச்சி என்றே சொல்லவேண்டும் என்கிறார். எங்கள் ஆய்வகத்தில் இதைச் சொன்னேன். ஸ்க்ரூகேஜுக்கு என்ன சொல்வாய் என்று சிரித்தார்கள். திருகு அளவி என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கைதானார். விடுதலைக்குப் பின் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வறுமையோடு இரண்டாண்டு வாழ்ந்தார். 1920-இல் மீண்டும் ‘சுதேசமித்திரன்’. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் முப்பத்தெட்டு வயதில் மறைந்தார்.

நான் சொல்ல வந்தது அவருடைய ஒரு முன்னுரையைப் பற்றி. 1912-இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகத்தை வெளியிட்டபோது, ஓரிரண்டு ஆண்டு படித்துப் பழகிய எவருக்கும் பொருள் விளங்கவேண்டும் என்பதைத் தம் அளவுகோலாக அதில் வைத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ‘தனிமை இரக்கம்’ எழுதியவர் இவர்!

பள்ளியில் செய்யுள் எனக்கு மனப்பாடப் பகுதியாகவே அறிமுகமாயிற்று. அடி பிறழாமல் எழுதினால் முழு மதிப்பெண். பொருள் கேட்டால் நேரமில்லை. ஆகவே அந்த முன்னுரையை நான் நம்பவில்லை. சோதித்துப் பார்க்க நினைத்தேன். என் அம்மா இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை செய்கிறார். பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார். பாரதியார் சொன்ன ஓரிரண்டு ஆண்டு என்பது அச்சாக அம்மாதான்.

முதல் நாள் இரவு நான் வாசித்தேன். மூன்றாம் நாள் அம்மா புத்தகத்தை வாங்கி, விரலை வைத்துத் தாமே படிக்கத் தொடங்கினார். கிரந்த எழுத்து வந்த இடங்களில் மட்டும் நின்று என்னைப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பொருள் சொல்ல வாயெடுத்தபோது, “சும்மா இருய்யா, புரியுது” என்றார்.

தருமன் நாட்டைத் தோற்கும் இடத்தோடு முதல் பாகம் முடிகிறது. கதை அம்மாவுக்குத் தெரியும். இருந்தும், பெரியவர்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் ஒருவர்கூட ஏன் எழுந்து தடுக்கவில்லை என்று கேட்டார். இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924-இல்தான் அச்சாயிற்று என்றேன். அது இருக்கிறதா என்று கேட்டார். நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அன்று தொடங்குகிறோம்.