கல்லிலே காந்தம் வாசித்த மற்சுயாமா

காந்தவூசி வடக்கு நோக்கி நிற்கும் என்று மாணவருக்குக் கற்பிக்கின்றோம். அங்ஙனம் அதனை நிற்கச் செய்வது வானத்து விண்மீனன்று, பூமியே ஒரு பெருங்காந்தம் என நிறுவியவர் இங்கிலாந்து நாட்டு வைத்தியர் வில்லியம் கில்பேட். 1600ஆம் ஆண்டிலே வெளிவந்த அவர்தம் நூல் இன்றும் போற்றப்படுகின்றது. ஆயின் அப்பெருங்காந்தமும் நிலையானதன்று. பன்முறை வடக்குத் தெற்காய்ப் புரண்டு வந்ததொன்று. அப்புரட்சிக்குக் காலங் குறிக்க முதன்முதல் துணிந்தவர் யப்பானியப் பேராசிரியர் மொற்றோனோரி மற்சுயாமா.

இவர் 1884ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 25ஆம் நாள், கியூசுத் தீவிலே, ஸென் பௌத்த குரு ஒருவரின் மைந்தராய்த் தோன்றினார். பிறந்த குடிப்பெயர் சுமியே. 1910இல் மற்சுயாமா குடும்பத்துப் பெண்ணை மணந்து, அக்குடும்பத்தாராற் சுவீகரிக்கப்பெற்று, அவர்தம் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். ஹிரோசிமாவிலே ஆசிரியர் கல்லூரியிற் பயின்று, சிறிது காலம் பாடசாலையிலே படிப்பித்தார். வகுப்பறையிலிருந்து ஆராய்ச்சிக்குச் சென்றவர் என்பதை எம்போன்றோர் சற்றுப் பெருமிதத்துடன் குறித்துக் கொள்ளலாம். பின்னர்க் கியோற்றோ சர்வகலாசாலையிலே பௌதிகம் பயின்றார். பசுபிக் சமுத்திரத்து முருகைக்கற்றீவொன்றிலே புவியீர்ப்பை நுணுகி அளந்து, அவ்வாராய்ச்சியாற் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிக்காகோவிலே சில காலம் பனிக்கட்டியின் இயல்பை ஆராய்ந்து மீண்டு, 1922இற் கியோற்றோவிலே பேராசிரியரானார்.

அவரது பெயரை நிலைநாட்டிய செயல் 1926இல் நிகழ்ந்தது. யப்பானின் மேல்கரையிலே, தொயோக்கா நகருக்கு அண்மையில், கென்புடோ என்னும் குகையொன்றுண்டு. பசாற்று எனப்படும் கரிய எரிமலைக்கல், செதுக்கி அடுக்கிய தூண்கள் போல அங்கே நிற்கின்றது. யப்பானிய மொழியிலே பசாற்றுக்கு வழங்கும் பெயரும் இக்குகையின் பெயரினின்றே ஆக்கப்பட்டது. ஆக்கப்பட்ட ஆண்டு மற்சுயாமா பிறந்த 1884. கென்பு என்பதோ சீனர் மரபிலே வடதிசை காக்கும் கரிய ஆமைத் தெய்வம். நம் மரபிலே குபேரன் போல்வது. அக்குகைக் கல்லை எடுத்துக் காந்தத் திசையை அளந்தபோது, அது வடக்கை நோக்கவில்லை, தெற்கை நோக்கியிருந்தது! வடதிசைக் காவலன் பெயர் பூண்ட கல் தென்றிசை நோக்கிய இவ்விந்தையைப் புலவனொருவன் கற்பனை செய்திருப்பின், மிகையென்று தள்ளியிருப்போம்.

கல்லிலே காந்தம் எங்ஙனம் பதிகின்றது? எரிமலைக் குழம்பிலே இரும்பு கலந்த நுண்டுகள்கள் உள. பெருவெப்பத்தில் அவற்றுக்குக் காந்தத்தன்மை இல்லை. குழம்பு கல்லாய் இறுகி, மேலும் ஆறி, ஏறத்தாழ 580 சதமபாகைக்குக் கீழே இறங்கும்போது, அவை அவ்வேளையிற் பூமிக்காந்தம் எத்திசையிலுளதோ அத்திசையைப் பற்றிக்கொள்கின்றன. பின்பு அத்திசை கல்லினுள்ளேயே இருந்துவிடும். கல்வெட்டுப் படிப்போர்க்கு இது நன்கு விளங்கும். வெட்டியவன் மறைந்தும் எழுத்து நிற்கின்றதன்றோ?

திசைமாறிய கல்லை மற்சுயாமாவுக்கு முன்னரே கண்டவர் உளர். பிரான்சு தேசத்துப் பேர்னாட் புறூன் என்பார், எரிமலைக் குழம்பையும் அதன் சூட்டாலே வெந்த களிமண்ணையும் ஒருங்கே அளந்து, இரண்டும் எதிர்த்திசை காட்டியமையை 1906இலே வெளியிட்டார். மற்சுயாமா அங்கே நிற்கவில்லை. யப்பான், கொரியா, மஞ்சூரியா என்னும் நாடுகளின் பல இடங்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கற்களைத் திரட்டினார். ஒவ்வொன்றும் எந்நிலையிற் கிடந்ததென்று குறித்துக்கொண்டே பெயர்த்தெடுத்தார்; அக்குறிப்புப் பிழைப்பின் அளவை முழுவதும் பாழ். அளந்து ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. வயதிலே இளைய கற்கள் இன்றைய வடக்கை நோக்கின. அவற்றுக்கு முற்பட்டவற்றுட் பல தெற்கை நோக்கின. ஆகவே மாறியது கல்லன்று, பூமியின் காந்தமே எனவும், பிளைத்தொசீன் எனப்படும் காலத்தின் முற்பகுதியில் அது எதிர்த்திசையில் நின்றது எனவும் 1929இலே எழுதினார். அக்கட்டுரை மூன்றே பக்கம்.

உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பூமியின் காந்தம் முழுவதும் புரளுமென நம்புதலினும், சில கற்கள் பிழைபட்டன எனக் கூறுதல் எளிதாயிருந்தது. மற்சுயாமா வாதாடிக் கொண்டிருந்தாரல்லர். நீர்மூழ்கிக் கப்பலிலே சென்று யப்பானியக் கடலகழியின்மேற் புவியீர்ப்பை அளந்தார். 1949இல் யமாகுச்சி சர்வகலாசாலையின் தலைவரானார். இதற்கிடையிலே ஐயம் பின்னும் வலுத்தது. ஆறும்போது தானாகவே எதிர்க்காந்தம் பெறும் கல்லும் இருத்தல் கூடுமெனப் பிரான்சு நாட்டு லூயி நேயெல் 1951இற் காட்டினார். அத்தகைய கல் உடனேயே கிடைத்தும்விட்டது. கிடைத்த இடமோ யப்பானின் ஹருணா மலை, கண்டவரோ நகற்றா, உயேடா என்னும் யப்பானியரே. தம் நாட்டு மலையே தமக்கு எதிர்ச்சாட்சி சொல்லக் கண்ட முதியவர், குருதிப் புற்றுநோயால் 1958 சனவரி 27ஆம் நாள் மறைந்தார்.

ஆறே ஆண்டுகள் கழிந்தன. பொற்றாசியம் ஆகனாக மாறும் அளவைக்கொண்டு கல்லின் வயதைக் கணிக்கும் முறையைக் கையாண்டு, அமெரிக்கரான கொக்சு, டோயெல், தால்றிம்பிள் மூவரும் ஆராய்ந்தனர். ஒரே வயதுக் கற்கள், எந்நாட்டினவாயினும், ஒரே திசை காட்டின. ஹருணாக் கல் போல்வன அருமை என்பதும் தெளிந்தது. 1964இலே அவர்கள் காந்த ஊழிகளுக்குப் பெயரிட்டபோது, இன்றைய ஊழி புறூனின் பெயரையும், அதற்கு முந்திய எதிர்த்திசை ஊழி மற்சுயாமாவின் பெயரையும் பெற்றன. அவற்றுக்கும் முந்தியவை கௌசு, கில்பேட் என்போர்க்கு உரியவாயின. மற்சுயாமா ஊழி ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 18 இலட்சம் ஆண்டு நிலவியது.

அவ்வூழி முடிந்து காந்தம் மீண்டும் வடக்கே திரும்பிய சுவடு, ரோக்கியோவுக்கு அயலிலுள்ள சிபாவில், ஆற்றங்கரை மண்ணடுக்கிலே தெளிவாய்ப் பதிந்துள்ளது. 2020ஆம் ஆண்டு சனவரியிலே, உலகப் புவிச்சரிதவியலாளர் 774,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலப்பகுதிக்கு அவ்விடத்தையே எல்லையாக ஏற்று, அதற்குச் சிபானியன் எனப் பெயர் சூட்டினர்.