அறிஞர் கிராம்

நோய்க் கிருமிகளை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினும், அவை நிறமின்றி இருத்தலால், உடலின் தசையினின்று பிரித்தறிதல் அரிது. இவ்விடரை நீக்க முயன்று, அதனினும் பெரியதோர் உண்மைக்கு வழிகோலியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் மருத்துவ அறிஞர்.

இவர் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் 1853ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். இளமையில் செடிகொடிகளைப் பற்றிய கல்வியில் ஈடுபட்ட கிராம், பின்னர் மருத்துவம் பயின்று 1883இல் தேர்ச்சி பெற்றார்.

மறு ஆண்டில் பெர்லின் நகரில் ஃபிரீட்லாண்டர் என்னும் அறிஞருடன் பணிபுரிந்தார். நிமோனியா என்னும் நுரையீரல் நோய் அந்நாளில் பல்லோரை மாய்த்து வந்தது. அந்நோயால் இறந்தோரின் நுரையீரலை மெல்லிய சீவல்களாக்கி, ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசலில் தோய்த்து, சாராயத்தால் கழுவினார் கிராம். தசையின் சாயம் நீங்கியது. கிருமிகளோ கருநீலமாய்த் தெளிந்து நின்றன.

ஆயினும், டைபாய்டு முதலிய சில நோய்களின் கிருமிகள் சாயத்தை இழந்துவிட்டன. இதனைத் தம் முறையின் குறை என்றே கிராம் எண்ணினார். எனினும் மறைத்தாரல்லர். 1884இல் வெளியிட்ட கட்டுரையில் அதனை வெளிப்படையாகக் கூறி, பிறர் கையில் தம் முறை பயன் தரும் என நம்பினார்.

அக்குறையே நிறையாயிற்று. சாயத்தை இழக்கும் கிருமிகளுக்கு மெல்லிய சுவரும், அதன்மேல் ஒரு புறச்சவ்வும் உண்டு எனப் பிற்காலத்தார் கண்டனர். அச்சவ்வு கோட்டை மதில் போன்றது; அதன் நுண்புழைகள் வழியே சிறு மூலக்கூறுகளே நுழைய இயலும். 1928இல் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், இம்மதிலுடைய கிருமிகள் பலவற்றை வெல்ல இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். எம்மருந்து உட்புகும் என முன்னரே கணிக்க அறிஞர்கள் முயன்று வருகின்றனர். அமின் தொகுதியும், தட்டை வடிவும், எளிதில் வளையாத அமைப்பும் உடைய மூலக்கூறுகள் குடற்கிருமி ஒன்றினுள் நன்கு சேர்வதை இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்டனர்.

கிராம், கோபன்ஹேகனில் 1900 முதல் 1923 வரை மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் மறைந்தார். பெனிசிலின் மருந்தாகப் பயன்பட்டதை அவர் கண்டிலர். ஆயினும், சாயத்தைக் காப்பவை கிராம் நேர்க் கிருமிகள் என்றும், இழப்பவை கிராம் எதிர்க் கிருமிகள் என்றும் வழங்குகின்றன. தம் குறையை ஒளியாது உரைத்தவரின் பெயர், நோயுற்றோருக்கு மருந்து தேரும் இடமெல்லாம் நிலைத்து நிற்கின்றது.