சரியென்று நிறுவ வேண்டும்

நாம் கைப்பேசியில் அனுப்பும் குறுஞ்செய்தி, பல திசைவிகளைக் கடந்தே நண்பரைச் சென்றடைகிறது. எவ்வழியே அனுப்பினால் நல்லது என்பதைத் திசைவிகளே கணக்கிடுகின்றன. அக்கணக்கிற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

இவர் 1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் வேதியியல் ஆசிரியர். தாயார் கணிதம் கற்றவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலாளராகச் சேர்ந்தார்.

1956இல் ஒருநாள், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் கடைத்தெருவுக்குச் சென்ற டைக்ஸ்ட்ரா, களைப்பாற ஒரு காப்பிக் கடையில் அமர்ந்தார். இரு நகரங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் முறையை, தாளும் பேனாவும் இல்லாமல், சுமார் 20 நிமிடங்களில் மனத்திலேயே உருவாக்கினார்.

அம்முறை எளிமையானது. புறப்படும் இடத்திற்கு மிக அருகிலுள்ள நகரின் தூரத்தை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தொலைவிலுள்ள வேறொரு நகரைச் சுற்றி அங்கு வந்தால் தூரம் குறையாது. எனவே, அம்முடிவை மாற்றத் தேவையில்லை. இவ்வாறே அடுத்தடுத்த நகரங்களையும் உறுதிசெய்யலாம். விடை சரியானது என்பதற்கான காரணம் அம்முறையிலேயே அடங்கியுள்ளது.

ஆயினும், அக்காலத்தில் நிரலாக்கத்தைத் தொழிலாகப் பலர் மதிக்கவில்லை. 1957இல் டைக்ஸ்ட்ரா தம் திருமணத்தைப் பதிவு செய்தபோது, நிரலாளர் என்னும் தொழிலை அதிகாரிகள் ஏற்கவில்லை. பதிவேட்டில் இயற்பியலாளர் என்றே எழுத நேர்ந்தது. அவர் மனம் தளரவில்லை. நிரலாக்கத்தைக் கணிதம்போல் துல்லியமான துறையாக்க உழைத்தார்.

நிரலை எத்தனை முறை சோதித்தாலும், அதில் பிழையே இல்லை என்று உறுதிகூற இயலாது. அது சரியென்பதைக் கணித முறையில் நிறுவ வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1972இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. வலையமைப்பில் இணைந்த கணினிகள் குழப்பமான நிலையிலிருந்து தாமாகவே சரியான நிலைக்குத் திரும்பும் முறையை 1974இல் விளக்கினார்.

டைக்ஸ்ட்ரா 2002இல் மறைந்தார். திசைவியின் விதிகளில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும், செய்திகள் சேருமிடம் சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும். அதனால்தான், அவ்விதிகள் சரியானவை என்பதைக் கணித முறையில் நிறுவும் பணியில் ஆய்வாளர்கள் இன்று ஈடுபட்டுள்ளனர். அன்று பதிவேட்டில் இடம்பெறாத தொழில், இன்று உலகையே இணைக்கிறது.