மஞ்சள் சட்டை போட்ட கொத்தனார்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையிலே நின்று பாருங்கள். இருபுறமும் கரிசல். வேலிக்கருவையின் நிழலன்றி வேறு நிழல் அரிது. மேற்கே, திருவில்லிபுத்தூருக்கு அப்பால், மலைத்தொடர் நீலக் கோடு போலத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சாலையிலே, பொழுது புலருமுன், தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் சைக்கிள் மிதித்துச் சென்ற தலைமுறையை நாம் அறிவோம். எதிர்காற்று அடித்தால் அதுதான் அவர்களுக்கு மலை. பொதுக்கூட்டம் எந்த ஊரில் என்றாலும், முன்னால் கொடியும் பின்னால் ஒரு தோழனுமாக, இருபது மைல் மிதித்து வந்து, விடிய விடியக் கேட்டு, மீண்டும் மிதித்தே வேலைக்குத் திரும்பியவர்களையும் அறிவோம். இன்று மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. வேலையாட்களை ஏற்றிச் செல்ல வேன் வருகிறது. எனினும் அந்தக் கால்களை மறந்துவிட்டு உழைப்பாளியின் வரலாற்றை எழுதிவிட முடியாது.

அத்தகைய கால்கள் படைத்த ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினர் அல்லர். ஆனால் நம் இனத்தவர். ஆம், உழைப்பாளி இனத்தவர்! பெயர் ஒத்தாவியோ பொத்தேக்கியா. தொழில், கொத்து வேலை. நாடு, இத்தாலி. உலகின் மிகக் கடுமையான சைக்கிள் பந்தயத்தை வென்ற முதல் இத்தாலியர் அவர்.

1894 ஆகஸ்டு 1ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில், வெனிட்டோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தார். ஒத்தாவியோ என்றால் எட்டாமவன் என்று பொருள். பெயர் தேடக்கூட நேரமில்லாத வீடு. பிள்ளைகளை எண்ணி எண்ணையே பெயராக இட்டுவிட்ட வறுமை! பள்ளிக்கூடம் அவரைப் பார்த்தது ஓராண்டு மட்டுமே. பிறகு செருப்புத் தைத்தார், செங்கல் சுமந்தார், சுவர் எழுப்பினார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கைக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன?

முதல் உலகப் போர் வந்தது. ஏழையின் வீட்டைத் தேடி எது வராவிட்டாலும் போர் தவறாமல் வரும். ஆஸ்திரிய எல்லையில் அவர் படைவீரர். மடக்கி முதுகிலே மாட்டிக்கொள்ளக்கூடிய சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார்கள். குண்டுகளுக்கிடையே, மலைப்பாதையிலே, செய்தியும் பொருளும் கொண்டு செல்வது அவர் வேலை. நச்சுப்புகை நெஞ்சுக்குள் புகுந்தது. மலேரியா உடலை உலுக்கியது. நச்சுப்புகை நெஞ்சை என்ன செய்யும் என்பதை, மருந்துக் கலவைக்கு நடுவே நாள் முழுதும் நிற்கும் நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்தது. வீரத்துக்கு வெண்கலப் பதக்கம் தந்தார்கள், வேலை தரவில்லை. பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிரான்சுக்குப் பிழைக்கப் போனார், கொத்துக்கரண்டியோடு.

மலைச்சாலையிலே மிதித்துப் பழகிய கால் சும்மா இருக்குமா? ஊர்ப் பந்தயங்களில் ஓட்டினார், வென்றார். அவர் திறமையைக் கண்ட கார்னியெல்லி என்பவர் நல்ல சைக்கிள் ஒன்று கொடுத்து ஊக்கினார். 1923ஆம் ஆண்டு இத்தாலியைச் சுற்றும் பந்தயத்திலே, நிறுவனத்தின் துணையின்றித் தனியாக ஓட்டியவர்களுள் அவரே முதல்வர்; மொத்தத்தில் ஐந்தாமவர். பிரெஞ்சு நிறுவனம் ஒன்று உடனே அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார்.

அது என்ன பந்தயம்? பிரான்சு நாட்டையே சுற்றி வரும் பந்தயம். 1903இல் ஒரு விளையாட்டு நாளேடு தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கியது. முன்னணியில் நிற்பவருக்கு மஞ்சள் சட்டை. ஏனென்றால் அந்த ஏடு அச்சானது மஞ்சள் தாளில்! 1924இல் பந்தயத்தின் நீளம் 5,425 கிலோமீட்டர். சென்னையிலிருந்து குமரி முனைக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் என்றால், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அந்தத் தொலைவை 15 கட்டங்களில் முடிக்க வேண்டும். ஒரு கட்டம் 300 கிலோமீட்டர், 400 கிலோமீட்டர். நள்ளிரவிலும் பின்னிரவிலும் புறப்படுவார்கள். இருட்டிலே தொடங்கிய மிதி மாலையிலே முடியும்.

கணவாய் என்றதும் நமக்குச் செங்கோட்டைக்கு அப்பாலுள்ள ஆரியங்காவு நினைவுக்கு வரும். ஆல்ப்ஸ் கணவாய் வேறு. கலிபியே என்றொரு கணவாய். உயரம் 2,642 மீட்டர். உதகையின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். நம் சிகரத்தின் உயரம் அங்கே சாலையின் உயரம்! அந்நாளில் உச்சிக்குச் சற்றுக் கீழே குடைந்த சுரங்கத்தின் வழியே சாலை சென்றது. தார் கிடையாது, கல்லும் மண்ணும் சேறும். கோடையிலும் ஓரத்திலே பனி குவிந்து கிடக்கும். ஏற்றத்துக்கு ஒன்று, சமதளத்துக்கு ஒன்று என்று பின்சக்கரத்தின் இருபக்கமும் பற்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். மிதித்தபடியே கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அந்தப் பந்தயத்தில் அனுமதித்தார்கள். டயர் வெடித்தால் தானே மாற்ற வேண்டும். வண்டி உடைந்தால் தானே செப்பனிட வேண்டும். பிறர் உதவி குற்றம்!

அந்த ஆண்டு மூன்றாம் கட்டத்திலே ஒரு சம்பவம். முந்திய ஆண்டு வென்ற ஆன்றி பெலிசியே, விடியற்காலைக் குளிருக்கு இரண்டு சட்டை போட்டிருந்தார். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றினால் என்ன என்றார். புறப்படும்போது இருந்ததெல்லாம் முடிவிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி வந்து உடம்பைத் தொட்டுச் சட்டையை எண்ணினார். வெகுண்ட பெலிசியே, தம்பியோடும் இன்னொரு தோழரோடும் பந்தயத்தையே துறந்தார். உணவு விடுதியிலே அவர்களைச் சந்தித்த எழுத்தாளர் அல்பேர் லோந்தர், அவர்கள் படும் பாட்டைப் பத்திரிகையில் எழுதினார். சாலையிலே கடுந்தண்டனை அனுபவிக்கும் கைதிகள் என்ற பெயர் அந்த வீரர்களுக்கு நிலைத்துவிட்டது. பத்திரிகை முதலாளிக்கு விற்பனை. சைக்கிள் முதலாளிக்கு விளம்பரம். மிதித்தவனுக்கு வெடித்த பாதம்!

பொத்தேக்கியா மிதித்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் மஞ்சள் சட்டை அணிந்தார். கடைசி நாள் வரை முதலிடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓபிஸ்க், தூர்மலே என்னும் பிரனீஸ் மலைக் கணவாய்களிலே மற்றவர்கள் மூச்சு வாங்க, அவர் கண்ணுக்கெட்டாத் தொலைவு சென்றார். புறப்பட்டவர் 157 பேர். பாரிசுக்குத் திரும்பியவர் 60 பேர். அந்த 60 பேருக்கும் முன்னால், 35 நிமிடத்துக்கு மேல் முந்தி, கொத்தனார் நின்றார்!

அவர் நாட்டிலே அப்போது என்ன நடந்தது? முசோலினியின் ஆட்சி. அவரை எதிர்த்துப் பேசிய சோசலிச உறுப்பினர் மாத்தேயோத்தி, 1924 ஜூன் 10ஆம் நாள் ரோம் நகரிலே கடத்திக் கொல்லப்பட்டார். பன்னிரண்டாம் நாள், ஜூன் 22இல், பாரிசிலே பந்தயம் புறப்பட்டது. பொத்தேக்கியாவின் கால்கள் முசோலினிக்குப் பிடிக்கும். அந்த ஏழை வீரருக்காக இத்தாலியப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் ஆளுக்கொரு லிரா கேட்டபோது, முதலில் கொடுத்தவர் முசோலினி என்பார்கள். காலைப் பாராட்டிக் காசு கொடுத்தார்கள்; தலைக்குள் என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்த்தார்கள்.

தலைக்குள் என்ன இருந்தது? எழுத்து இருந்தது! பயிற்சித் தோழர் அல்போன்சோ பிச்சின் அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். பாடநூல் எது தெரியுமா? ஒன்று விளையாட்டு நாளேடு. மற்றொன்று, பாசிச ஆட்சியை எதிர்த்து மறைவாகச் சுற்றிய துண்டறிக்கை. எழுத்துக் கூட்டிப் படித்தவர் சிந்திக்கத் தொடங்கினார். சிந்தித்தவர் சோசலிசத்தின் பக்கம் சாய்ந்தார். அதனால் மிரட்டல் வந்தது. இத்தாலிய எல்லையை ஒட்டிச் சென்ற கட்டத்தில், தம்மை எவரும் அடையாளம் காணாதிருக்க, வென்றெடுத்த மஞ்சள் சட்டையை விட்டு வேறு நிறச் சட்டை அணிந்து ஓட்டினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. உலகமே பாராட்டிய வீரர், தம் தாய்நாட்டின் வாசலிலே முகம் மறைக்க நேர்ந்தது!

1925இலும் அவரே வென்றார். ஆல்ப்ஸ் கணவாய்களைத் தாண்டி, ஜெனிவா ஏரிக்கரையிலுள்ள எவியன் நகரில் இறங்கிய கட்டமும் அந்தப் பந்தயத்தில் உண்டு. இரண்டாமவர் அவருக்குத் துணையாக ஓட்டிய லூசியன் புய்ஸ். இருவருக்கும் இடைவெளி 54 நிமிடம். மறு ஆண்டு பிரனீஸ் மலையிலே மழையும் குளிருமாகப் புயல் அடித்தது. புகையுண்ட நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. பொத்தேக்கியா கண்ணீரோடு வண்டியை விட்டு இறங்கினார். நேற்றுத் துணைவராக இருந்த புய்ஸ் அந்த ஆண்டு வென்றார்.

1927 மே மாதம், சைக்கிளில் சென்ற அவர் தம்பி ஜியோவன்னி கார் மோதி இறந்தார். பத்து, பன்னிரண்டு நாளில், ஜூன் 3ஆம் நாள், பொத்தேக்கியா பயிற்சிக்காகத் தனியே புறப்பட்டார். கவாத்சோ ஏரிக்கு அருகே பெயோனிஸ் என்ற சிற்றூர். அங்கே சாலையோரத்தில் அவர் கிடந்தார். மண்டை பிளந்திருந்தது, தோளெலும்பு முறிந்திருந்தது. சற்றுத் தள்ளி அவருடைய சைக்கிள். அதிலே சேதம் இல்லை! ஊரார் தூக்கிச் சென்றனர். வண்டியிலேற்றி ஜெமோனா மருத்துவமனையில் சேர்த்தனர். ஜூன் 15இல் உயிர் பிரிந்தது. 33 வயதுகூட நிறையவில்லை.

விசாரணை நடந்தது. வெயில் தாக்கி விழுந்துவிட்டார், விபத்து என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்கள். நான்காண்டு போர்முனையில் விழாதவர், மலைமுகட்டிலே விழாதவர், தம் ஊருக்குப் பக்கத்துச் சாலையிலே வெயிலுக்கு விழுந்தாராம்! பின்னாளில் ஒரு விவசாயி, தன் தோட்டத்துத் திராட்சையைத் தின்றதால் கல்லெறிந்தேன் என்று மரணப் படுக்கையில் சொன்னதாகச் செய்தி வந்தது. ஜூன் தொடக்கத்தில் அங்கே திராட்சை பழுப்பதில்லையே என்று கேட்டனர் மக்கள். அமெரிக்காவிலே சாகக்கிடந்த ஒருவன், பிறர் ஏவிவிட நானே கொன்றேன் என்றானாம். பாசிஸ்டுகள் செய்தார்கள் என்று உறுதிசெய்ய எவராலும் முடியவில்லை. நாமும் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை. நாம் சொல்வது இதுதான்: கேள்வி கேட்க அஞ்சும் நாட்டிலே, உழைப்பாளியின் சாவுக்கு விபத்து என்ற ஒரு சொல் போதுமானதாகி விடுகிறது.

அந்தச் சொல்லை நம் பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. ஒவ்வொரு முறையும் விபத்து என்ற சொல் வருகிறது. எப்படி நேர்ந்தது, யார் பொறுப்பு, அடுத்தது நேராமலிருக்க என்ன செய்தீர்கள் என்ற கேள்விகளை எழுப்ப வேண்டியவர்கள் யார்? அந்தச் சாலையிலே நாளும் செல்கிற நாம்தான்.

கேட்பதற்கு எழுத்து வேண்டும். அதனால்தான் பொத்தேக்கியா வென்ற மலைகளைவிட, அவர் கற்ற எழுத்தைப் பெரிதென்கிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். எழுத்து தலைக்குச் சக்கரம். சைக்கிள் காலுக்குச் சக்கரம். இரண்டும் கிடைத்தவரை எவரும் எளிதில் நிறுத்திவிட முடியாது.

கொத்தனாரின் பெயரிலே கார்னியெல்லி நிறுவனம் சைக்கிள் செய்தது. 1989இல் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் அதே டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்றது பொத்தேக்கியா என்று பெயர் பொறித்த வண்டியில்! வண்டியின் மீது பெயர் வாழ்கிறது, மகிழ்ச்சி. ஆனால் பெயோனிஸ் சாலையோரத்தில் எழுந்த கேள்விக்கு இன்றும் விடை இல்லை. அந்தக் கேள்வியை நம் சாலையில் விழும் ஒவ்வோர் உயிருக்காகவும் நாம் கேட்போம். விடை வரும்வரை விடாமல் கேட்போம்!