இராணி இராசமணி அம்மையார்

கொல்கத்தா மாநகரின் நடுவே உள்ள பெருஞ்சாலை ஒன்று இராணி இராசமணியின் பெயரால் வழங்குகிறது. அவர் எந்த நாட்டையும் ஆண்ட அரசியல்லர். ‘இராணி’ என்பது அவருடைய தாய் வைத்த செல்லப்பெயர்.

இராசமணி 1793ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், வங்காளத்தில் ஹாலிசகருக்கு அருகிலுள்ள கோனா என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 7 வயதில் தாயை இழந்தார். அக்கால வழக்கப்படி, 11 வயதில் கொல்கத்தா ஜான்பஜாரைச் சேர்ந்த செல்வர் இராசசந்திர தாசுக்கு மணம் செய்விக்கப்பெற்றார். பத்மமணி, குமாரி, கருணாமயி, ஜகதம்பா என நான்கு பெண்மக்களுக்குத் தாயானார். தாயன்பை நெடுங்காலம் பெறாத அவர், அவ்வன்பைத் தம் மக்கள்மீது பொழிந்தார்.

1836இல் கணவர் மறைந்தார். பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாக இருந்த காலம் அது. எனினும் இராசமணி மனம் தளராமல் பெருஞ்சொத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். மருமகன் மதுர்மோகன் அவருக்கு உறுதுணையாக நின்றார்.

அந்நாளில் கிழக்கிந்தியக் கம்பெனி, கங்கையில் மீன்பிடிப்போர்மீது வரி விதித்தது. வலையை நம்பி வாழ்ந்த ஏழைகள் இராசமணியிடம் முறையிட்டனர். அவர் 10,000 ரூபாய் செலுத்தி, ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்; பின்னர் இரும்புச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவித்தார். கப்பல்கள் நின்றுவிட்டன. கப்பல்கள் செல்வதால் மீன்கள் கலைகின்றன, தம் குத்தகைக்கு இழப்பு நேர்கிறது என்று அவர் வாதிட்டார். அரசு வேறு வழியின்றி வரியை நீக்கியது. தம் பிள்ளைகளின் பசியைப் பொறுக்காத தாயைப்போல், அவர் பிறர் பிள்ளைகளின் பசியையும் பொறுக்கவில்லை. அதனால் மக்கள் அவரை ‘லோகமாதா’ எனப் போற்றினர்.

கங்கைக்கரையில் தட்சிணேசுவரத்தில் காளிக்குப் பெருங்கோயில் ஒன்றையும் அவர் எழுப்பினார். 1847இல் தொடங்கிய பணி பல ஆண்டுகள் நீடித்தது. தாழ்ந்த குலத்தவராக எண்ணப்பட்ட ஒருவர் கட்டிய கோயிலில் பூசை செய்ய அந்தணர் பலர் மறுத்தனர். இராம்குமார் என்பவர் அதற்கு முன்வந்தார். 1855ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. இராம்குமாரின் தம்பியே பிற்காலத்தில் இராமகிருட்டிண பரமகம்சர் எனப் புகழ்பெற்றார்.

புகழ் வளர்ந்தபோதும் வீட்டில் துயரம் சூழ்ந்தது. நான்கு மகள்களுள் குமாரியையும் கருணாமயியையும் தாம் வாழும்போதே இராசமணி இழந்தார். பேரப்பிள்ளைகளே அவருக்கு ஆறுதலாயினர். குமாரியின் மகன் யதுநாத்தின் பெயரைத் தாங்கிய யதுபாபு பஜார், பவானிபூரில் இன்றும் இயங்குகிறது.

முதுமையில் ஒரு கவலை அவரை வாட்டியது. தமக்குப் பின் கோயில் வழிபாடு நின்றுவிடக் கூடாது. அதன் சொத்து சிதறிவிடவும் கூடாது. அதற்காகத் தினாஜ்பூரில் நிலம் வாங்கியிருந்தார். 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், நோய்ப்படுக்கையில் இருந்தபடியே அந்நிலத்தைக் கோயிலுக்கு உரிமையாக்கிய அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மகள்கள் இருவரின் இசைவையும் அவர் வேண்டினார். ஜகதம்பா கையெழுத்திட்டார், பத்மமணி கையெழுத்திடவில்லை. அக்குறை தீராமலே மறுநாள் இராசமணி கண்மூடினார்.

பின்னாளில் குடும்பத்தில் வழக்குகள் எழுந்தன. ஆயினும் கோயில் விளக்கு அணையவில்லை. மக்கள் அனைவரையும் ஒருமனப்படுத்த இயலாவிடினும், ஒரு தாய் தம் கடமையைச் செய்து முடித்தார். அவர் எழுப்பிய கோயில் இன்றும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அருஞ்சொற்பொருள்
குத்தகை – பணம் செலுத்திக் குறிப்பிட்ட காலத்திற்குப் பெறும் உரிமை
இசைவு – சம்மதம்
லோகமாதா – உலகிற்குத் தாய்

பயிற்சி
1. இராசமணிக்கு ‘இராணி’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. மீனவர்மீதான வரியை நீக்க அவர் செய்தது யாது?
3. உங்கள் பாட்டியின் இளமைக்காலத்தைப் பற்றிக் கேட்டறிந்து, ஐந்து தொடர்கள் எழுதுக.