சௌரி முத்து

டேவிட் ஜேகப் ஆரோன் சௌரி முத்து (1864 - 1940) இந்தியாவைச் சேர்ந்த காசநோய் மருத்துவர் ஆவார். இங்கிலாந்தில் நீண்ட காலம் காசநோய்ச் சானடோரியங்களை நடத்திய இவர், 1928ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தாம்பரம் சானடோரியம் என்ற ஊர்ப் பகுதியும் தொடர்வண்டி நிலையமும் இந்நிறுவனத்தாலேயே அப்பெயரைப் பெற்றன. கணிதமேதை சீனிவாச இராமானுசனுக்கு இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்தவர்களுள் இவரும் ஒருவர். காசநோய்க்கு நுண்ணுயிர் எதிரி மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இவர் மறைந்தார்.

இங்கிலாந்தில் மருத்துவப் பணி

சௌரி முத்து இங்கிலாந்தில் மருத்துவத் தகுதிகளைப் பெற்று அங்கேயே தொழில் செய்தார். ஆங்கிலேயப் பெண் ஒருவரை மணந்துகொண்டார். இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்த போதிலும், அக்கிருமியை உடலுக்குள் அழிக்கும் மருந்து எதுவும் அப்போது இல்லை. நோயாளியை நெரிசலான வீட்டிலிருந்து பிரித்து, தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவற்றைக் கொடுத்து உடலே நோயை வெல்லச் செய்வதே அன்றைய மருத்துவம். இதற்கான இடங்களே சானடோரியங்கள்.

சௌரி முத்து முதலில் வைட் தீவில் உள்ள இங்கிள்வுட் சானடோரியத்திலும், பின்னர் சாமர்செட் மாவட்டத்தின் மெண்டிப் குன்றுகளில் அமைந்த ஹில் குரோவ் சானடோரியத்திலும் பணியாற்றினார். தமது பத்தாண்டு அனுபவத்தை 1910ஆம் ஆண்டிலும், இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை 1922ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளியிட்டார். இந்திய மருத்துவத்தின் தொன்மை பற்றியும் நூல் எழுதியுள்ளார்.

மருத்துவக் கருத்துகள்

காசநோயைக் கிருமியின் விளைவாக மட்டும் காண்பதை சௌரி முத்து ஏற்கவில்லை. வறுமை, நெரிசலான குடியிருப்பு, குறை உணவு, காற்றோட்டமின்மை ஆகியவையே நோய்க்கு இடம் தருகின்றன என்பதை அவர் வலியுறுத்தினார். கிருமிக்குத் தரப்பட வேண்டிய இடத்தை அவர் குறைத்தே மதிப்பிட்டார். ஆயினும் சமூக நிலைமைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி அவர் கூறியது இன்றும் பொருந்துகிறது.

ஃபார்மலின் ஆவியை நோயாளிகள் தொடர்ந்து சுவாசிக்கும் முறையையும் இவர் கையாண்டார். இது காசநோய்க்குத் தீர்வாக நிலைபெறவில்லை. மனித உயிரணுக்களுக்கு ஊறு செய்யாமல் கிருமியை மட்டும் தாக்கும் பொருள் தேவைப்பட்டது. ஃபார்மலின் போன்ற கிருமிகொல்லிகளுக்கும் நுண்ணுயிர் எதிரிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இராமானுசனுடன் தொடர்பு

1914ஆம் ஆண்டில் இராமானுசன் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் சௌரி முத்துவும் பயணம் செய்தார். 1917ஆம் ஆண்டில் இராமானுசன் நோயுற்றபோது காசநோய் என்று கருதப்பட்டு ஹில் குரோவ் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். குளிரிலும் சன்னல்களைத் திறந்துவைக்கும் திறந்தவெளி மருத்துவம், தென்னிந்தியச் சைவ உணவுக்காரரான அவருக்குக் கடினமாக இருந்தது. அவர் அங்கு நெடுநாள் தங்காமல் மேட்லாக்கில் உள்ள வேறொரு சானடோரியத்திற்குச் சென்றார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று தமது 32ஆம் வயதில் சென்னை சேத்துப்பட்டில் காலமானார்.

இராமானுசனுக்கு இருந்தது காசநோய்தானா என்பது பின்னர் ஐயத்திற்குள்ளானது. கிடைத்த குறிப்புகளை ஆராய்ந்த டி. ஏ. பி. யங், அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கக் கூடும் என்று 1994ஆம் ஆண்டில் கருத்துத் தெரிவித்தார். காசநோய் பாக்டீரியாவால் வருவது. அமீபா பாக்டீரியா அன்று. ஒன்றுக்கான மருத்துவம் மற்றொன்றைத் தீர்க்காது. நோயை உறுதிசெய்த பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தாம்பரம் சானடோரியம்

இந்தியா திரும்பிய சௌரி முத்து, தாம்பரத்தில் பச்சைமலைக் குன்றின் அருகே ஏறக்குறைய 250 ஏக்கர் நிலத்தில் 1928ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சானடோரியத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் 12 படுக்கைகளே இருந்தன. அக்காலத்தில் தாம்பரம் சென்னை நகருக்கு வெளியே மரங்களும் வெட்டவெளியும் நிறைந்த பகுதியாக இருந்தது. 1931ஆம் ஆண்டில் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டிப் போக்குவரத்து தொடங்கியது.

1937ஆம் ஆண்டில் சானடோரியம் சென்னை மாகாண அரசின் பொறுப்புக்கு மாறியது. 1940ஆம் ஆண்டில் சௌரி முத்து காலமானார்.

நுண்ணுயிர் எதிரிகளின் வருகை

சௌரி முத்து மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமிக்கு எதிராகப் பயன் தந்த முதல் நுண்ணுயிர் எதிரி இதுவாகும்.

1948ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று சானடோரியக் காலத்தின் முக்கிய மருத்துவமான படுக்கை ஓய்வை இம்மருந்துடன் ஒப்பிட்டது. ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். ஆனால் மருந்து பெற்ற பலரிடம் அதற்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றின. ஐந்து ஆண்டுகளின் முடிவில் இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் குறைந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால், இயல்பிலேயே அதை எதிர்க்கவல்ல சில கிருமிகள் தப்பிப் பெருகுகின்றன என்பது தெளிவாயிற்று. அதனால் பாஸ், 1952 முதல் ஐசோனியாசிட் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் உருவானது.

1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் தங்கியவர்களையும், வீட்டில் இருந்தே ஓராண்டு ஐசோனியாசிட், பாஸ் மருந்துகளை உட்கொண்டவர்களையும் அங்கு ஒப்பிட்டனர். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் உணவும் குறைவாகவே கிடைத்தன. இருந்தும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. குடும்பத்தினருக்கு நோய் தொற்றும் வாய்ப்பும் அதனால் கூடவில்லை. 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே சிகிச்சையின் மையமானது.

மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு இந்தியாவில் வழக்கமாக ஆறு மாத சிகிச்சை தரப்படுகிறது. முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைடு தவிர்த்த மூன்றும் கொடுக்கப்படுகின்றன. அளவு உடல் எடையைப் பொறுத்தது. சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணியக்கூடும். ஆனால் கிருமிகள் முற்றாக அழிந்திருக்க மாட்டா. இடையில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பவும், மருந்தை எதிர்க்கும் வகையாக மாறவும் கூடும்.

* ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது தீங்கற்றது. இம்மருந்து கருத்தடை மாத்திரை போன்ற வேறு மருந்துகளின் ஆற்றலைக் குறைப்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.
* கண் மஞ்சளாதல், தொடர் வாந்தி ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளாகலாம். உடனே மருத்துவரை அணுக வேண்டும்.
* பார்வை மங்குதல் எத்தாம்பியூட்டாலாலும், கைகால் மரத்தல் ஐசோனியாசிட்டாலும் ஏற்படக்கூடும். பின்னதைத் தடுக்க பிரிடாக்சின் தரப்படுகிறது.
* சளி, ஃபுளூ போன்ற நச்சுயிரி நோய்களுக்கு நுண்ணுயிர் எதிரிகள் பயன்படா. நீடித்த இருமலுக்குத் தாமாகவே சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை வாங்கி உட்கொண்டால் காசநோய் மறைந்திருந்து, கண்டறிவது தாமதமாகும்.

2014ஆம் ஆண்டு முதல் காசநோய் மருந்துகளும் சில நுண்ணுயிர் எதிரிகளும் இந்தியாவில் எச்1 அட்டவணையின்கீழ் வருகின்றன. மருந்துக்கடைகள் மருத்துவர் சீட்டின்பேரிலேயே இவற்றை விற்று, விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இன்றைய நிலை

சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனை 1993ஆம் ஆண்டு முதல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கிய முதல் மையங்களுள் இதுவும் ஒன்று. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைக் காசநோய் எளிதில் தாக்குவதால் இரு சிகிச்சைகளும் இங்கு இணைந்தே நடைபெறுகின்றன. ஊருக்கு வெளியே தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இன்று தாம்பரம் மாநகராட்சியின் நெரிசலான பகுதியாகிவிட்டது.